ஆந்தை பார்க்கும் தொடர்கள்

மார்ச் 3

குட்டிக்கு,

உன் எண்ணைத் தடுத்தது தடுத்ததுதான். அத்தையைத் தூது விடாதே. அத்தைக்கு நானும் நல்லவள், நீயும் நல்லவள், அந்த நேரத்தில் போனில் இருப்பவள் கூடுதல் நல்லவள். சொல்ல வேண்டியது இருந்தால் தாளில் எழுதித் தபாலில் போடு. கை எழுதும்போது புத்தி கொஞ்சம் கூடவே வரும். வாய்க்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. போன மாதம் உன் வாய் சொன்னது மறந்திருந்தால் நானே எடுத்துத் தருகிறேன். "உனக்கென்னக்கா, வீட்ல உக்காந்து அப்பாகூட டிவி பாக்குற வேலதானே."

காலை ஆறிலிருந்து பதினொன்று வரை, பிரேக் எது ஆக்சிலேட்டர் எது என்று தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கார் ஓட்டச் சொல்லித்தருகிறேன். வீட்டுக்கு வந்ததும் நர்ஸம்மா செருப்பை மாட்டிக்கொள்வார். அதன் பிறகு அப்பாவைத் துடைப்பது, திருப்பிப் படுக்க வைப்பது, குழாயில் உணவு ஊற்றுவது எல்லாம் நான்தான். எல்லாம் முடிந்து அவரைச் சாய்த்து உட்கார வைக்கும்போது நாலு மணி ஆகும். அப்போது டிவி பார்க்கிறோம். நீ சொன்ன வேலை அதுதான்.

அதற்கும் இப்போது ஆப்பு வந்துவிட்டது. நேற்று டாக்டர் சொன்னார். "ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், அதுக்கு மேல டிவி கூடாது. பிரஷர் எகிறுது. எதைப் பாக்கணும்னு நீங்களே குறைச்சுக்குங்க." அப்பா ஒரே நேரத்தில் ஆறு தொடர் பார்க்கிறார். கலங்கரை விளக்கத்துக் கொலை, சிறை உடைப்பு, அந்த ராணி, ஆஸ்பத்திரிக் காதல்கள், அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள், சமையல் போட்டி. வாயால் ஒரு வார்த்தை பேசவோ ஒரு வாய் விழுங்கவோ முடியாத மனிதருக்குச் சமையல் போட்டி சேர்த்துக் கொடுத்த புண்ணியவதி நீ.

நாம் தொடர் பார்க்கிற ஆன்லைன் கணக்கில் அவருக்கென்று ஆந்தைப் படம் வைத்து, 'அப்பா' என்று பெயர் போட்டு, இடது கைக் கட்டை விரலால் ரிமோட் அழுத்தப் பழக்கிவிட்டுப் போனவளும் நீ. மூன்று மாதத்தில் வருகிறேன் என்றாய், இருபது மாதம் ஆகிறது. ஆறில் நாலு போக வேண்டும். எந்த நாலு என்று நீயே எழுது. "இனிமே இது கிடையாதுப்பா" என்று சொல்லி அவர் முகத்தைப் பார்க்கப்போவது நான். தேர்ந்தெடுக்கிற பாவமாவது உன்னோடு இருக்கட்டும்.

அக்கா

மார்ச் 10

அக்காவுக்கு,

அன்றைக்கு நான் பேசியது தப்பு. பேசி முடித்த நிமிடமே தப்பு என்று தெரிந்தது, அதற்குள் நீ வைத்துவிட்டாய். தாளில் எழுதச் சொன்னாய், எழுதுகிறேன். பல் செட் செய்யும் கூடத்தின் பின்பக்க மேஜையில், பிளாஸ்டர் தூளுக்கு நடுவில் உட்கார்ந்து எழுதுகிறேன். எனக்கு முன்னால் பதினாலு பேருடைய வாய் வரிசையாகக் காய்கிறது. எல்லாவற்றுக்கும் மெழுகில் ஈறு செதுக்கிப் பல் பதிக்க வேண்டும். சிரிப்பு வராத வேலை.

எனக்குச் சாப்பாட்டு இடைவேளை முடிகிற நேரமும் அப்பாவின் நாலு மணியும் ஒன்றாக வருகிறது. போனைத் திறந்து ஆந்தையைத் தொடுவேன். தொடரின் படத்துக்குக் கீழே அந்தச் சிவப்புக் கோடு இருக்குமே, அப்பா எவ்வளவு பார்த்திருக்கிறார் என்று காட்டுகிற கோடு, அதைப் பார்ப்பேன். கொஞ்சம் கழித்து மறுபடி திறந்தால் கோடு நீண்டிருக்கும். இருபதாவது நிமிடத்தில் தூங்கிவிடுவார், எழுந்து பின்னால் ஓட்டுவார், கோடு குறையும். அவர் குறட்டைகூட எனக்குக் கேட்கிற மாதிரி இருக்கும். வீடியோவில் அவரைக் காட்டுவதில்லை என்று நீ முடிவு செய்தபின் எனக்கு அப்பா என்றால் அந்தக் கோடுதான்.

அதனால் கலங்கரையை மட்டும் எடுத்துவிடாதே. நானும் அதையேதான் பார்க்கிறேன், அவர் பார்க்கிற எபிசோடையே. முதல் மூன்று எபிசோட் முடிந்ததும் சீட்டு எழுதுவாரே, அது இந்தத் தடவையும் நடக்க வேண்டும். எப்போதும்போல் காலண்டர் தாளைக் கிழித்துக் கொடு. கொலைகாரன் பெயரை எழுதி நாலாக மடித்து மூக்குக் கண்ணாடிக் கூட்டில் போடட்டும். கடைசி எபிசோட் முடியும்வரை யாரும் பிரிக்கக் கூடாது. பதினோரு தொடர் பார்த்தோம், பதினோரு தடவையும் அவர் சீட்டு சரி. முப்பது வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதித்த ஆளிடம் எந்தக் கொலைகாரன் தப்ப முடியும்?

சிறை உடைப்பையும் விட்டு வை. அதில் வருகிற கிழவனை அவருக்குப் பிடிக்கும். சமையல் போட்டியை எடுத்துவிடு. அதை அவர் கேட்டதால்தான் சேர்த்தேன், உன்மேல் சத்தியம். ராணி போகட்டும், ஆஸ்பத்திரி போகட்டும், அடுத்தடுத்த வீட்டுக்காரர்களும் போகட்டும்.

மெதுவாகச் சொல். ஒரே நாளில் நாலையும் எடுக்காதே.

குட்டி

மார்ச் 17

குட்டிக்கு,

ஒரே நாளில் நாலையும் எடுத்தேன். ஊசி போடுகிறவர் மெதுவாகப் போட்டால் வலி குறையுமா?

அப்பா ரிமோட்டால் தொடையில் தட்டிக்கொண்டே இருந்தார். அது அவர் திட்டுகிற விதம். ராணிக்கு மட்டும் கண்ணீர் விட்டார். சரி, பாதியில் விட்டுவிட்டு அந்த மனிதர் தவிக்க வேண்டாம் என்று கடைசி எபிசோடை நான் பார்த்து வந்து முடிவைச் சொன்னேன். பணிப்பெண் விஷம் வைத்துவிடுகிறாள், ராணி குளியல் தொட்டியில் சாகிறாள். நீயும் ஐந்தாவது சீசனில் நிற்கிறாய் போலிருக்கிறது, உன் பெயரைத் தொட்டால் ராணி படத்துக்குக் கீழேயும் கோடு இருக்கிறதே. இனி நீயும் பார்க்க வேண்டியதில்லை. உனக்கும் ஒன்றை நிறுத்திக் கொடுத்துவிட்டேன்.

சிறை உடைப்பையும் எடுத்தேன். துரத்தல் கூடாது என்றார் டாக்டர். அதற்குப் பதிலாக அடுத்தடுத்த வீட்டுக்காரர்களை வைத்திருக்கிறேன். அதில் யாரும் யாரையும் துரத்துவதில்லை, வேலிக்கு மேல் எட்டிப் பார்த்துச் சண்டை போடுகிறார்கள், அவ்வளவுதான். அந்தச் சிறைக் கிழவன், கேட்டுக்கொள், சுரங்கத்துக்குள் மாட்டிக்கொள்கிறான். மற்ற எல்லாரும் தப்பிக்கிறார்கள்.

கலங்கரை இருக்கிறது. நேற்று மூன்றாவது எபிசோட் முடிந்தது. காலண்டர் தாள் கொடுத்தேன். இடது கையால் எழுத அரை மணி நேரம் ஆனது. நான் எட்டிப் பார்க்கிறேனா என்று ஒரு கண், தாளில் ஒரு கண். மடிக்கத்தான் முடியவில்லை, என்னைக் கண்ணை மூடச் சொல்லிச் சைகை காட்டி மடிக்க வைத்தார். கண்ணாடிக் கூட்டில் போட்டிருக்கிறேன். இந்த ஒன்று மட்டும் உன் இஷ்டப்படி நடந்தது.

இன்னொன்று. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். இவ்வளவு நாள் என்று சொல்லவில்லை. ஆனால் பேசும்போது மேஜையில் இருந்த பேனாவைத் திருப்பித் திருப்பி வைத்தார். ஒரு தடவை வந்து போ. ஒரு விமானம், ஒரு ரயில், அவ்வளவுதானே? வருகிறவர்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

அக்கா

மார்ச் 25

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த அன்று ராணியின் ஐந்தாவது சீசனில் இரண்டு எபிசோட்தான் பாக்கி. வேண்டுமென்றே செய்கிறாய். சின்ன வயதில் என் பொம்மைக்குத் தலைமுடி வெட்டியபோதும் இப்படித்தான், "உனக்கு நல்லதுக்குத்தான்" என்றாய்.

நீயும் தெரிந்துகொள். வண்டிக்குள் மாணவர்களுக்காகக் காத்திருக்கும்போது போனில் பார்ப்பாயே, அந்த வாடகைக் கார் ஓட்டுகிறவள் தொடர், அவள் செத்துவிடுவாள். மூன்றாவது சீசன், எட்டாவது எபிசோட். மலை இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல். இனி நிம்மதியாகக் கற்றுக்கொடு.

கோபத்தில் எழுதிவிட்டேன். கிழிக்க மனமில்லை, இருக்கட்டும்.

வருவதற்கு எனக்கு ஆசை இல்லை என்றா நினைக்கிறாய்? இங்கே இரண்டு பேர் வேலையை விட்டுவிட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் ஆர்டர் மே மாதம் பாதியில் முடிகிறது. அதுவரை மேற்பார்வையாளர் யாரையும் விடமாட்டார். மே இருபதாம் தேதி வருகிறேன். அப்போது ஒரு மாதம் இருக்கலாம். அப்பாவுக்கு இதைப் படித்துக் காட்டு. மே இருபது என்று சத்தமாகச் சொல்.

தினமும் பார்க்கிறேனே. நேற்றுகூட ஐந்தாவது எபிசோடில் முப்பத்தெட்டாவது நிமிடம் வரை பார்த்திருக்கிறார். கலங்கரையின் படிக்கட்டில் ரத்தம் இருக்கிற இடம் அது. அங்கே நிறுத்திப் பின்னால் ஓட்டியிருக்கிறார், துப்புப் பார்க்கிறார். சாகக் கிடக்கிறவர் துப்புப் பார்ப்பாரா? டாக்டர்கள் பேனாவைத் திருப்பி வைப்பது பழக்கம். நீயே பயந்து என்னையும் பயமுறுத்தாதே.

குட்டி

மார்ச் 31

குட்டி,

உன் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். வாடகைக் கார்க்காரி செத்ததை விட்டுவிட்டு மற்றதை எல்லாம் படித்தேன். மே இருபது என்று சத்தமாகச் சொன்னேன். நீ சொன்னபடி.

இப்போது நான் கிண்டல் செய்யவில்லை. குழாயில் ஊற்றுவது திரும்பி வந்துவிடுகிறது. கால் இரண்டும் வீங்கியிருக்கிறது. நாலு மணிக்கு டிவியைப் போட்டால் பார்க்கிறார், ஆனால் ரிமோட் கையிலேயே கிடக்கிறது, அழுத்துவதில்லை. ஓடுகிறது, அவ்வளவுதான். நீ பார்க்கிற கோடு அவர் பார்ப்பதில்லை, டிவி ஓடுவது. இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது.

இந்த வாரமே வா. சண்டையெல்லாம் அப்புறம் போட்டுக்கொள்ளலாம், எனக்கும் நிறைய பாக்கி இருக்கிறது, எங்கேயும் போய்விடாது. உன் எண்ணைத் திறந்துவிட்டேன். கூப்பிடு. நான் எடுக்கிறேன்.

உன்னிடம் நான் கெஞ்சி நீ பார்த்ததில்லை. இப்போது பார்த்துக்கொள்.

அக்கா

ஏப்ரல் 8

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று நாள் ஆகிறது. கூப்பிடலாம் என்று எடுத்தேன், வைத்தேன். கூப்பிட்டால் நீ அழுவாய், நான் கிளம்புகிறேன் என்று சொல்லிவிடுவேன், இங்கே வேலை போய்விடும். அப்புறம் அப்பா எப்போதும்போல் எழுந்து உட்கார்ந்து ரிமோட்டால் தட்டுவார். போன வருஷமும் இப்படித்தான் "உடனே வா" என்றாய். அடுத்த வாரமே அப்பா நன்றாகிவிட்டார். கற்றுக்கொள்கிறவன் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுப்பதற்குள் உன் பக்கத்துப் பிரேக்கை அழுத்திவிடுகிற வேலை உனக்கு. எல்லாவற்றிலும் அப்படியே இருக்கிறாய்.

சரி, முந்தாநாள் கோடு நகரவே இல்லை. எனக்கு உயிரே போய்விட்டது. மேஜையில் ஒரு கிழவரின் கீழ்ப்பல் செட்டைக் கீழே போட்டு உடைத்துவிட்டேன். ஆனால் நேற்று நாலு மணிக்கு மறுபடி நகர்ந்தது! ஆறாவது எபிசோட், தொடக்கத்திலிருந்து கடைசி வரை, முழுசாக. இதற்கு என்ன சொல்கிறாய்? நீ மிகைப்படுத்துவாய் அக்கா. சிவப்புக் கோடு பொய் சொல்லாது.

டிக்கெட் எடுத்துவிட்டேன். மே இருபது. அப்பாவிடம் சொல், டிக்கெட்டே எடுத்துவிட்டாள் என்று.

குட்டி

ஏப்ரல் 14

குட்டிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ சொல்வது சரி, நான் கொஞ்சம் மிகைப்படுத்திவிட்டேன். மே இருபதுக்கே வா. அவசரமில்லை.

அப்பா இப்போது மிகவும் அமைதியாக இருக்கிறார். ரிமோட்டால் தட்டுவதில்லை. கால் வீக்கம் பற்றி யாரும் பேசுவதில்லை. நர்ஸம்மாவை நிறுத்திவிட்டேன், தேவைப்படவில்லை. டாக்டரையும் பார்த்தேன், டிவிக்கு இனி எந்தக் கட்டுப்பாடும் இல்லை. நிறுத்தியதையெல்லாம் மறுபடி சேர்த்துவிட்டேன். ராணி, ஆஸ்பத்திரி, சிறை, சமையல் போட்டிகூட. ஆறும் ஓடும். எதை நிறுத்துவது என்று இனி நீ தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

நாலு மணிக்குத் தவறாமல் பார். கோடு நகரும்.

அக்கா

ஏப்ரல் 24

அக்காவுக்கு,

எவ்வளவு நாளைக்கப்புறம் உன்னிடமிருந்து இப்படி ஒரு கடிதம்! இரண்டு தடவை படித்தேன். அமைதியாக இருக்கிறார் என்று நீ எழுதியதைப் பலதடவை படித்தேன்.

தினமும் நாலு மணிக்குத் தவறாமல் பார்க்கிறேன். ஒரு நாள்கூடத் தப்பவில்லை. அப்பா இப்போதெல்லாம் இடையில் தூங்குவதே இல்லை, பின்னால் ஓட்டுவதும் இல்லை. தேறிவிட்டார். சிறை உடைப்பில் கிழவன் சுரங்கத்துக்குள் போகிற எபிசோடை அவர் பார்க்கும்போது நானும் கூடவே பார்த்தேன். நீ முடிவைச் சொல்லிவிட்டாய் என்றாலும் கடைசி நிமிடம் வரை, இந்தத் தடவை தப்பித்துவிடுவான் என்று நினைத்தேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கலங்கரையின் கடைசி எபிசோடை நான் வரும்வரை போடாதே. சீட்டையும் பிரிக்காதே. மூன்று பேரும் சேர்ந்து பார்ப்போம்.

அப்பாவிடம் சொல், நாலு மணிக்கு நானும் உட்கார்ந்திருக்கிறேன் என்று. நீயும் அவர் பக்கத்தில் உட்கார். எழுந்து போய்விடாதே.

குட்டி

மே 12

குட்டிக்கு,

கலங்கரையின் கடைசி எபிசோடை நேற்று போட்டேன். நீ பார்த்திருப்பாய், கோடு கடைசி வரை போயிருக்கும்.

அப்பா ஏப்ரல் ஆறாம் தேதி காலையில் போய்விட்டார். நான் ஒரு பெண்ணுக்கு வண்டியைப் பின்னால் எடுக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். நர்ஸம்மா கூப்பிட்டார். வந்து பார்த்தபோது கை இன்னும் சூடாக இருந்தது.

உன் எண் திறந்திருந்தது. உன்னைக் கூப்பிட நான் போனை எடுக்கவில்லை. நீ கூப்பிடுவாய் என்று மாலை வரை உட்கார்ந்திருந்தேன். அத்தையும் மற்றவர்களும் வந்து கேட்டார்கள். சின்னவளுக்குச் சொல்லிவிட்டேன், லீவு கிடைக்கவில்லையாம், அவளே மனசு உடைந்து கிடக்கிறாள், யாரும் கூப்பிட்டுத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்றேன். ஒருத்தர்கூட ஆச்சரியப்படவில்லை. "அவ அப்படித்தான்" என்று அத்தை மட்டும் சொன்னாள்.

மறுநாள் எல்லாரும் போன பிறகு வீட்டில் நான் மட்டும். நாலு மணி ஆனது. கை தானாகப் போய் டிவியைப் போட்டது. வேறு ஒரு எண்ணமும் இல்லை, உன்னை நினைக்கக்கூட இல்லை. காலியான கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆறாவது எபிசோடை முழுசாகப் பார்த்தேன். அடுத்த வாரம் உன் கடிதம் வந்தது. நான் மிகைப்படுத்துகிறேனாம், சிவப்புக் கோடு பொய் சொல்லாதாம். கெஞ்சிய அக்கா பொய், டிவியில் நகர்கிற கோடு நிஜம். அன்றைக்கு முடிவு செய்தேன். உனக்கு அப்பா வேண்டாம், கோடு போதும். கோட்டையே தருகிறேன் என்று. உன்னை அழவைக்க வேண்டும் என்றுதான் செய்தேன், மறைக்கவில்லை.

இத்துடன் ஒரு சீட்டு வைத்திருக்கிறேன். கலங்கரையின் சீட்டு இல்லை, அது கண்ணாடிக் கூட்டில் பிரிக்காமல் இருக்கிறது. இது வேறு. மார்ச் மாதக் கடைசியில் உன் கடிதத்தைப் படித்துக் காட்டி, மே இருபது என்று சத்தமாகச் சொன்னேன் அல்லவா, உடனே காலண்டரைக் காட்டித் தாள் கேட்டார். எழுதி மடிக்கச் சொன்னார். அவர் போன அன்றுதான் பிரித்தேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தாலும் படிக்க முடிகிறது.

"குட்டி வராது."

பன்னிரண்டாவது தடவையும் சரி. டிக்கெட் எடுத்தவன் பாக்கெட்டைத் தொடமாட்டான், எடுக்காதவன்தான் தொட்டுக்கொண்டே இருப்பான் என்று அப்பா சொல்வாரே. நீ டிக்கெட் எடுத்துவிட்டேன் என்று எழுதியதைக் கேட்க அவர் இல்லை. நான் படித்துக்கொண்டேன்.

அக்கா

மே 19

அக்காவுக்கு,

சீட்டு கிடைத்தது. கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வாயில் துணியை அடைத்து அழுதேன். நீ கேட்டது நடந்தது. இப்போது நான் சொல்வதைக் கேள்.

ஏப்ரல் எட்டாம் தேதி எழுதியபோது நான் நிஜமாகவே நம்பினேன். அது என் முட்டாள்தனம். ஆனால் பத்து நாள் கழித்து எனக்குத் தெரிந்துவிட்டது. அப்பா இருபதாவது நிமிடத்தில் தூங்காமல் ஒரு எபிசோட்கூடப் பார்த்ததில்லை. கோடு ஒரு நாள்கூடப் பின்னால் போகவில்லை. நாலு மணிக்குத் தொடங்கி, ஒரே மூச்சில் ஓடி, கடைசியில் நின்றது. அது அப்பா இல்லை, நீ. நர்ஸம்மாவை நிறுத்திவிட்டேன் என்று எழுதினாயே, குழந்தைக்குக்கூடப் புரியும்.

புரிந்தும் கேட்கவில்லை. கேட்டால் நீ சொல்லிவிடுவாய். சொல்லிவிட்டால் அப்பா இல்லை என்றாகிவிடும், நான் வந்தே ஆக வேண்டும், வந்து அத்தை முகத்தில் முழிக்க வேண்டும். கேட்காதவரை அப்பா நாலு மணிக்கு டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அதனால்தான் அப்படிச் சந்தோஷமாக ஒரு கடிதம் எழுதினேன். தேறிவிட்டார் என்று எழுதினேன். நீ பக்கத்தில் உட்கார், எழுந்து போய்விடாதே என்று எழுதியது யாருக்கு என்று நினைத்தாய்?

என்னை ஏமாற்றிவிட்டதாக நீ ஒரு மாதம் அந்த அறையில், காலிக் கட்டிலுக்குப் பக்கத்தில், உனக்குப் பிடிக்காத ஆறு தொடரையும் பார்த்தாய். நான் இங்கே கோட்டைப் பார்த்தேன். யார் யாரை உட்கார வைத்தது, யோசித்துப் பார். தினமும் நாலு மணிக்கு நீ அங்கே எனக்காக உட்கார்ந்திருக்கிறாய் என்று தெரிந்துதான் நான் சாப்பிட்டேன், தூங்கினேன், பல் பதித்தேன்.

உனக்கென்னக்கா, வீட்ல உக்காந்து டிவி பாக்குற வேலதானே.

டிக்கெட் எடுக்கவில்லை. அப்பா சரியாகத்தான் எழுதியிருக்கிறார்.

ஆனால் ஒன்று கேட்கிறேன், இதை மட்டும் மறுக்காதே. ஆந்தையை அழித்துவிடாதே. கலங்கரையின் சீட்டையும் அனுப்பிவை. கொலைகாரி அந்த விளக்கை ஏற்றுகிறவனின் மனைவிதான் என்று நான் பார்த்துவிட்டேன். அப்பா அதைக் கண்டுபிடித்தாரா என்று எனக்குத் தெரிய வேண்டும். வேறு எதுவும் கேட்கமாட்டேன். அவர் கடைசியாக என்னோடு சேர்ந்து செய்தது அது ஒன்றுதான்.

குட்டி

மே 25

குட்டிக்கு,

தெரிந்தேதான் உட்கார வைத்தாய் என்று படித்தேன். உன்னிடம் நான் தோற்றது இதுதான் முதல் தடவை. ஒத்துக்கொள்கிறேன்.

ஆந்தையை அழித்துவிட்டேன். நிச்சயமாக அழிக்கவா, பார்த்ததெல்லாம் போய்விடும் என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை டிவி கேட்டது. நீ ஒரு தடவை வந்திருந்தால் அது கேட்டிருக்க வேண்டியதில்லை. நாலு மணிக்கு எனக்கு இப்போது வேலை இல்லை. மாலையிலும் இரண்டு பேருக்கு வண்டி கற்றுக்கொடுக்க ஒத்துக்கொண்டிருக்கிறேன்.

கலங்கரையின் சீட்டை உன் கடிதம் வந்த அன்று பிரித்தேன். கண்ணைத் திறந்துகொண்டு மடித்திருந்தால் மார்ச்சிலேயே தெரிந்திருக்கும். அதில் கொலைகாரியின் பெயர் இல்லை. வேறு யார் பெயரும் இல்லை. உனக்கு நாலு வரி எழுதியிருக்கிறார். நீ கடைசி எபிசோடுக்கு வருவாய், அப்போது நீதான் பிரிப்பாய் என்று நினைத்து எழுதியிருக்கிறார். வராது என்று எழுதியது அதற்கு இரண்டு வாரம் கழித்துத்தானே.

எல்லாத் தொடரின் முடிவையும் சொல்லிக் கெடுக்கிறேன் என்று என்மேல் உனக்குக் குறை. ராணி எப்படிச் செத்தாள் என்று சொன்னேன், சிறைக் கிழவனைச் சொன்னேன்.

இதைச் சொல்லமாட்டேன். நாலு வரியையும் நெஞ்சில் பதிகிற வரை படித்துவிட்டு, அடுப்பில் போட்டுவிட்டேன்.

அக்கா